புள்ளி போகாமல் அச்சுக்கு அனுப்புவது

திண்டுக்கல்லில் ஒரு வீட்டில் கல்யாணம் முடிவானால் அச்சுக்குப் போகும் வேலை ஒன்றோடு நிற்பதில்லை. பத்திரிகைக்கான அட்டை பெரும்பாலும் சிவகாசியில் வண்ணத்தில் அச்சாகி வந்த ரெடிமேட் கார்டு. அதன்மேல் பெயர்களும் முகூர்த்த நேரமும் உள்ளூர் மினி ஆஃப்செட்டிலோ ஸ்கிரீன் பிரிண்டிங்கிலோ ஏறும். தாம்பூலப் பைக்கு வேறொரு ஸ்கிரீன். மண்டப வாசலுக்கு ஃப்ளெக்ஸ். மாப்பிள்ளையின் நண்பர்கள் அடிக்கும் வாழ்த்துச் சுவரொட்டி மல்டிகலர் ஆஃப்செட்டுக்காக மதுரைக்கோ, ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிவகாசிக்கோ போகும். இத்தனைக்கும் மூலம் டிடிபி சென்டரின் கம்ப்யூட்டரில் இருக்கும் அதே பெயர்கள், அதே தேதி. அதை எந்த அமைப்பில் பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது என்று கேட்டால் மென்பொருள் ‘பிரஸ் குவாலிட்டி’ என்ற பதிலைக் காட்டும்.

அந்தப் பதில் போதாது. கோப்பின் அமைப்பை முடிவு செய்ய வேண்டியது மறுமுனையில் இருக்கும் இயந்திரமும் தாளும்தான். தமிழில் அதற்கு மேலும் ஓர் அளவுகோல் இருக்கிறது. பக்கத்திலேயே மிகச் சிறிய குறி மெய்யெழுத்தின் புள்ளி. அது பிழைத்து வந்தால் மற்ற எல்லாமே பிழைத்து வரும்.

பத்துப் பாயின்ட் அளவில் அமைந்த தமிழ் எழுத்தில் புள்ளியின் குறுக்களவு ஏறத்தாழ மூன்றில் ஒரு மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 300 பிக்சல் அடர்த்தியில் படமாக மாற்றினால் ஒரு பிக்சல் 0.085 மில்லிமீட்டர், ஆக ஒரு புள்ளிக்குக் கிடைப்பது நான்கு பிக்சல் அகலம். ஆங்கிலத்தில் ‘ஐ’ எழுத்தின் தலையிலிருக்கும் புள்ளி அழிந்தாலும் வாசிப்பவர் தடுமாறுவதில்லை. தமிழில் ‘கல்’ என்பது ‘கல’ ஆகிவிடும், ‘பால்’ ‘பால’ ஆகிவிடும். மணமகனின் பெயரில் புள்ளி போனால் அது வேறொரு பெயராகவே நிற்கும்.

இந்தப் புள்ளிக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலையில் எழுத்தாணியால் குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் ஏடெழுதியவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிட்டார்கள். சுவடியைப் படித்தவர்கள் எது மெய், எது உயிர்மெய் என்று இடம் பார்த்து ஊகித்தார்கள். 1849-இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்த ஆறுமுக நாவலரும், 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரும் செய்த பணியின் ஒரு பகுதி, ஏட்டில் இல்லாத புள்ளிகளை ஒவ்வொன்றாக உரிய இடத்தில் வைத்தது. ஓலை பறித்ததை அச்சு மீட்டுக் கொடுத்தது. ஒரு தவறான ஏற்றுமதி அமைப்பு அதை மறுபடி பறிக்கிறது என்பதால்தான் இதை வெறும் கம்ப்யூட்டர் விவகாரமாக என்னால் பார்க்க முடியவில்லை.

முதலில் மினி ஆஃப்செட். பெரிய ஊர்களில் இருந்து எழுதுகிறவர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஆனால் திண்டுக்கல், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை போன்ற ஊர்களின் பில் புத்தகம், பிட் நோட்டீஸ், கோயில் வரவு செலவு அறிக்கை, பத்திரிகை எல்லாம் இந்த இயந்திரத்தை நம்பியவை. இங்கே பிளேட்டுக்கு மூலம் பல நேரம் லேசர் பிரிண்டரில் ட்ரேசிங் தாளில் எடுத்த ஒரு பிரதிதான். லேசர் பிரிண்டருக்குத் தெரிந்தது கறுப்பு ஒன்றே. பத்திரிகை குங்குமச் சிவப்பில் வர வேண்டும் என்று வடிவமைப்பாளர் எழுத்துக்குச் சிவப்பைக் கொடுத்து பிடிஎஃப் எடுத்தால், பிரிண்டர் அந்தச் சிவப்பைச் சாம்பல் நிறமாக எண்ணி நுண்துளிகளாக உடைக்கும். அங்குலத்துக்கு நூறு வரி என்று வைத்தாலும் துளிக்குத் துளி இடைவெளி கால் மில்லிமீட்டர். மூன்றில் ஒரு மில்லிமீட்டர் புள்ளிக்குள் விழுவது ஒரு துளி, அல்லது ஒன்றரைத் துளி. எழுத்தின் விளிம்பு அரிக்கப்படும், புள்ளி மங்கும். அச்சகத்தார் ‘மேட்டர் சரியில்லை’ என்பார். வடிவமைத்தவர் ‘மெஷின் சரியில்லை’ என்பார்.

இந்த வேலைக்கு வண்ணம் என்பது மையில் இருக்கிறது, கோப்பில் இல்லை. ஒரே மை என்றால் கோப்பு முழுவதும் நூறு சதவீதக் கறுப்பாக இருக்கட்டும். சிவப்பு மையை இயந்திரத்தில் ஊற்றிக்கொள்வார்கள். இரண்டு மை என்றால் ஒவ்வொரு மைக்கும் ஒரு பக்கம், இரண்டும் கறுப்பில், ஒரே இடத்தில் ரெஜிஸ்டர் குறிகளோடு. எழுத்துக்குச் சாம்பல் சாயல் கூடவே கூடாது. மெல்லிய தோற்றம் வேண்டுமானால் மெல்லிய எழுத்துருவை எடுக்க வேண்டும். பிள்ளையார் படம், தாலிப் படம் போன்ற கோட்டுச் சித்திரங்களை 1200 பிக்சல் அடர்த்தியில், சாம்பல் இல்லாத கறுப்பு வெள்ளையாக வைக்க வேண்டும். ரெடிமேட் கார்டு ஏற்கெனவே வெட்டி வந்திருப்பதால், வெட்டும் கோட்டைத் தாண்டி வண்ணத்தை நீட்டும் ப்ளீட் பற்றிய பேச்சே இல்லை. அதற்குப் பதிலாக இயந்திரத்தின் கிரிப்பர் பிடிக்கும் ஓரத்தில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் எதுவும் இல்லாமல் விட வேண்டும். இத்தனையும் ‘பிரஸ் குவாலிட்டி’ என்ற பட்டியலில் எங்கும் இல்லை.

மல்டிகலர் ஆஃப்செட்டுக்கு வந்தால் உலகம் பேசும் விதிகள் இங்கும் பொருந்தும். கோப்பு நேரே, கம்ப்யூட்டரிலிருந்து பிளேட் எடுக்கும் சிடிபி இயந்திரத்துக்குப் போய், நான்கு மைக்கு நான்கு பிளேட்டாக வெளிவருகிறது. இடையில் ஃபிலிமும் இல்லை, ஃபிலிமைப் பார்த்துப் பிழை பிடிக்கும் கண்ணும் இல்லை. 1993-இல் வந்த பிடிஎஃப் எல்லா வேலைக்கும் பொதுவானது என்பதால், அச்சுக்கு உதவாதவற்றை விலக்கி 2001-இல் பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ என்ற சர்வதேசத் தரம் வெளியானது. எல்லா எழுத்துருவும் உள்ளே பொதிந்திருக்க வேண்டும், வண்ணம் சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) அல்லது தனி மையாக மட்டும் இருக்க வேண்டும், நிழல், ஊடுருவு தோற்றம் போன்றவை தட்டையாக்கப்பட வேண்டும், எங்கே வெட்டுவது என்பது கோப்பிலேயே குறித்திருக்க வேண்டும் என்பவை அதன் கட்டளைகள். பின்னால் வந்த எக்ஸ்-4 ஊடுருவு தோற்றத்தை அப்படியே வைத்துக்கொள்ள விடுகிறது. அதைக் கரைக்கும் பொறுப்பை அச்சகத்தின் மென்பொருளிடம் ஒப்படைக்கிறது.

இரண்டில் எது என்று கேட்டால், அச்சகத்தின் மென்பொருள் புதியது என்று உறுதியாகத் தெரிந்தால் எக்ஸ்-4 மேல். தெரியாவிட்டால் எக்ஸ்-1ஏ. ஆனால் எக்ஸ்-1ஏ-வில் தமிழுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. படத்தின் நிழலோ மங்கலான ஓரமோ எழுத்தின் மேல் படிந்திருந்தால், தட்டையாக்கும்போது அந்த எழுத்து கோட்டுருவமாகவோ பிக்சலாகவோ மாறும். ஒரே வரியில் பாதி எழுத்து தடித்தும் பாதி மெலிந்தும் அச்சாகி வந்த மலர்களை நம் ஊர்க் கோயில் விழாக்களில் பார்க்கலாம். எழுத்தை எல்லாவற்றுக்கும் மேலான அடுக்கில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது கறுப்பு. கம்ப்யூட்டர் திரையின் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீல ஒளியின் கணக்கில் அமைந்த ஆர்ஜிபி கறுப்பு. பல நிறுவல்களில் முன்னமைப்பாக வந்து, யாரும் மாற்றாமல் விட்டுவைத்த அமெரிக்க வெப் (சுருள்தாள்) அச்சு வண்ண விவரணத்தின் (ப்ரொஃபைல்) வழியே அது சிஎம்ஒய்கே ஆனால் சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று நான்கு மையாகப் பிரியும். கூட்டினால் 300 சதவீதம். பெரிய தலைப்புக்கு இது கேடில்லை. சிறிய எழுத்துக்கு, ஒரே புள்ளியை நான்கு பிளேட்டும் ஒரே இடத்தில் வைத்தாக வேண்டும். பிளேட் 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. புள்ளியின் அகலத்திலோ அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. புள்ளியைச் சுற்றி நீலமும் சிவப்பும் கசியும், ‘ண’வின் சுழிகள் அடைபடும். ஆகவே எழுத்து எப்போதும் கறுப்பு மை ஒன்றில் மட்டும், நூறு சதவீதம், அடியிலுள்ள வண்ணத்தை வெட்டாமல் அதன்மேலேயே ஏறும் ஓவர்பிரிண்டாக. அதே ஓவர்பிரிண்ட் வெள்ளை எழுத்துக்குத் தவறிப்போய்க் கொடுக்கப்பட்டால் எழுத்தே காணாமல் போகும். இதை ஏற்றுமதிக்கு முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

என் கையால் வடிவமைத்த ஒரு பள்ளி ஆண்டு மலரை இங்கே சொல்ல வேண்டும். நன்கொடையாளர் பட்டியலை அடர்பழுப்புப் பின்னணியில் எட்டுப் பாயின்ட் வெள்ளை எழுத்தில் வைத்தேன். திரையில் அழகாக இருந்தது. அந்தப் பழுப்பு நான்கு மை கலந்தது. அச்சில் நான்கும் நாலா பக்கமிருந்தும் வெள்ளைப் புள்ளிக்குள் வழிந்து அதை மூடிவிட்டன. ‘இராமன்’ எல்லாம் ‘இராமன’ ஆனார்கள். கொடுத்தவர்களின் பெயரைச் சரியாகப் போட முடியாத அந்த மலரை இன்னும் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு வெள்ளை எழுத்து வைக்க நேர்ந்தால் பின்னணி ஒன்று அல்லது இரண்டு மையில் மட்டும், எழுத்து தடித்த வகையில், பதினொரு பாயின்டுக்குக் குறையாமல் வைக்கிறேன்.

எழுத்துரு பற்றித் தமிழுக்கென்று தனியாகவே பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த வழிகாட்டியிலும் இது இராது. நம் டிடிபி மையங்கள் வளர்ந்தது பேஜ்மேக்கரிலும் பழைய கோரல்டிராவிலும். யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தாலும் அந்த மென்பொருள்களுக்குக் கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்தத் தெரியாது. அதனால் பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தன. பாமினியில் ‘தமிழ்’ என்று தெரிவது உண்மையில் ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு பொதியாமல் பிடிஎஃப் போனால் அடுத்த கம்ப்யூட்டரில் தெரிவதும் அந்த ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும்தான். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும், அதைக் கையாளத் தெரியாத மென்பொருள்களுக்காக ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடம் கொடுத்த டேஸ்16-ஐயும் ஏற்று ஆணையிட்டது. 2012-இல் வந்த இன்டிசைன் சிஎஸ்6 தமிழைச் சரியாகக் கோக்கும் ‘வேர்ல்ட்-ரெடி’ வரியமைப்பியைக் கொண்டுவந்தது. அதைத் தேர்ந்தெடுக்காமல் யூனிகோடு மேட்டரை ஒட்டினால் கொம்பு பின்னால் தொங்கும். அந்தக் கோலத்திலேயே பிடிஎஃப்பும் உருவாகும். எந்தத் தரச் சோதனையும் அதைப் பிழை என்று சொல்லாது, ஏனென்றால் எழுத்துரு பொதிந்திருக்கிறது, வண்ணம் சரி, அடர்த்தி சரி.

இன்னொன்று இதைவிட நுட்பமானது. பழைய தட்டச்சுப் பழக்கத்தில் ‘ர்’ என்பதைக் கால் போட்டு அதன்மேல் புள்ளி வைத்து எழுதியவர்கள் பலர். அதை யூனிகோடுக்கு மாற்றும்போது ரகர ஒற்று இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் சேர்ந்து நிற்கும். ஒரு எழுத்துருவில் அது ‘ர்’ போலவே தெரியும். வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் புள்ளிக்கோடிட்ட வட்டம் ஒன்று நடுவில் முளைக்கும். ‘அவர்’, ‘ஊர்’, ‘பெயர்’, ‘ஆசிரியர்’ என்று தமிழில் ரகர ஒற்று இல்லாத வரி அரிது. ஏற்றுமதிக்கு முன் இந்தக் கூட்டைத் தேடி மாற்றுவதை நான் கட்டாயமான ஒரு படி என்றே கருதுகிறேன்.

எழுத்தையெல்லாம் ‘கர்வ்’ ஆக்கி அனுப்பு என்று அச்சகங்கள் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. சிவகாசியில் பல ஊர் வேலைகளைச் சேர்த்து ஒரே ஷீட்டில் அடுக்கி ஓட்டுவதால்தான் விலை குறைகிறது. அடுக்குகிறவர் நம் பிடிஎஃப்பைக் கோரல்டிராவில் திறந்தால், பொதிந்த எழுத்துரு அவரிடம் இல்லாதபோது வேறொன்று வந்து உட்காரும். கர்வ் ஆக்கியிருந்தால் அந்த ஆபத்து இல்லை. ஆனால் அதன்பின் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது, சிறிய எழுத்து சற்றே தடித்துத் தெரியவும் கூடும். பல பக்கப் புத்தகத்துக்கு எழுத்துரு பொதிந்த பிடிஎஃப், விசிட்டிங் கார்டு, லேபிள் போன்ற ஒற்றைத் தாள் வேலைக்குக் கர்வ், இரண்டிலும் திருத்தக்கூடிய மூலம் நம்மிடம் என்பது என் வழக்கம்.

வண்ணத்தில் நம் ஊருக்கு ஒரு நற்பேறு உண்டு. மஞ்சள் மையே மஞ்சள். மெஜந்தாவும் மஞ்சளும் முழு அளவில் சேர்ந்தால் குங்குமச் சிவப்பு. கல்யாணப் பத்திரிகையின் இரண்டு நிறமும் ஆஃப்செட்டில் களையாக வரும். கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழா நோட்டீஸுக்கும் இதே கதை. சிக்கல் மற்ற இரண்டில். பிரியாணிக் கடை மெனு அட்டையில் வாழை இலையின் பச்சையும், பழனி முருகன் படத்தில் மயிலின் நீலமும் திரையில் ஒளிரும் அளவுக்கு நான்கு மையில் வராது. அதை பிளேட் எடுக்கும் இடத்தில் இயந்திரம் தானாக மாற்றும்படி விட்டால் பச்சை சேறாகும், நீலம் ஊதாவாகும். வடிவமைப்பவரே ஃபோட்டோஷாப்பில் சிஎம்ஒய்கே-க்கு மாற்றி, பச்சையிலிருந்து மெஜந்தாவைக் கொஞ்சம் குறைத்து, கண்ணால் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு ஏற்றுமதி செய்ய வேண்டும். ஆர்ட் பேப்பரில் ஷீட் ஆஃப்செட் என்றால் அமெரிக்க வெப் விவரணத்தை விட ஃபோக்ரா39 என்ற அச்சுத் தரவின் அடிப்படையிலான விவரணம் நெருக்கமானது.

தாள் இங்கே பெரிய பங்கு வகிக்கிறது. ஆர்ட் பேப்பர் மையை மேற்பரப்பிலேயே நிறுத்தும். நான்கு மையின் கூட்டு 300 முதல் 330 சதவீதம் வரை தாங்கும், அங்குலத்துக்கு 150 முதல் 175 வரி வரை நுண்துளி எடுக்கும். படத்தின் அடர்த்தி வரியின் இரட்டிப்பு என்பதால்தான் 300 என்ற எண் வந்தது. நியூஸ் பிரிண்ட் மையைக் குடித்து விரிக்கும். அதற்குக் கூட்டு 240-ஐத் தாண்டக் கூடாது, 85 முதல் 100 வரி, எனவே 200 பிக்சல் போதும். இடையில் இருப்பது மேப்லித்தோ. பக்கத்துக் கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் 1979-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய டிஎன்பிஎல் ஆலை கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறது; நம் பாடநூலும் சிறு பத்திரிகைகளும் நாவல்களும் அந்த வகைத் தாளில்தான். பளபளப்புப் பூச்சு இல்லாத இந்தத் தாளில் துளி விரியும், நிழல் பகுதிகள் கறுத்துப் போகும். ஆர்ட் பேப்பருக்கு எடுத்த அதே பிடிஎஃப்பை மேப்லித்தோவுக்கு அனுப்பினால் படங்கள் எல்லாம் மாலை நேரத்தில் எடுத்தது போல வரும். படத்தைக் கொஞ்சம் வெளிறச் செய்து, பூச்சில்லாத தாளுக்கான விவரணத்தில் தனியாக ஏற்றுமதி செய்வதே முறை. அட்டைக்கு ஒன்று, உள்பக்கத்துக்கு ஒன்று என்று ஒரு புத்தகத்துக்கே இரண்டு அமைப்பு வேண்டும்.

ப்ளீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர், உள்ளே எழுத்துக்கு இன்னொரு 5. 1/8 டெமி புத்தகம் என்றால் ஐந்தரைக்கு எட்டரை அங்குலம் வெட்டிய அளவு. அட்டைக் கோப்பு அதைவிடப் பெரிதாக வர வேண்டும். ஆவணத்தில் ப்ளீட் வைத்திருந்தாலும் ஏற்றுமதிப் பெட்டியில் அதைப் பயன்படுத்தச் சொல்லி டிக் போடாவிட்டால் பிடிஎஃப்பில் வராது. பலர் தவறவிடுவது இந்த டிக்கைத்தான்.

ஃப்ளெக்ஸுக்கு எல்லாம் தலைகீழ். இருபதுக்குப் பத்து அடி பேனரை 300 அடர்த்தியில் எடுத்தால் அகலம் 72,000 பிக்சல். ஜேபெக் கோப்பு தாங்கும் எல்லை 65,535. டிஃப் ஆக எடுத்தாலும் பத்து ஜிபியைத் தாண்டும், சாதாரண டிஃப் நான்கு ஜிபியிலேயே நின்றுவிடும். 72 அடர்த்தியில் 17,280 பிக்சல், ஏறத்தாழ 600 எம்பி. சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அது தாராளம். ஓர் அடி உயர எழுத்தில் புள்ளிக்கு எந்த ஆபத்தும் இல்லை. முழு அளவு, சிஎம்ஒய்கே டிஃப், அவ்வளவுதான்.

கடைசியாக ஜேபெக்கும் வாட்ஸ்அப்பும். இன்று திண்டுக்கல்லில் அச்சகத்துக்கு வரும் மேட்டரில் பெரும்பகுதி போன் வழியாகத்தான் வருகிறது. ஜேபெக் சுருக்கும்போது வெளிச்சத் தகவலை விட நிறத் தகவலை அதிகமாகக் குறைக்கிறது. வழக்கமான அமைப்பில் நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒரே நிறம். வெள்ளையில் கறுப்பு எழுத்துக்கு இது பெரிதாக உறைக்காது. மஞ்சளில் சிவப்பு எழுத்து, அதாவது நம் கல்யாணப் பத்திரிகை, வெளிச்சத்தால் மட்டுமல்ல, நிறத்தாலும் வேறுபடுகிறது. அங்கே எழுத்தின் ஓரம் ஆரஞ்சாகக் கரையும். நான்கு பிக்சல் அகலப் புள்ளிக்கு நிறத்தில் இரண்டு பிக்சலே மிஞ்சி, அதன் ஓரம் கறைபட்டு நிற்கும். வாட்ஸ்அப் படமாக அனுப்பினால் அளவையும் குறைத்து இன்னொரு முறை சுருக்கும். எழுத்து உள்ள எதையும் ஜேபெக் ஆக்காமல், பிடிஎஃப்பாக, ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்பினால் ஒரு பைட்டும் மாறாமல் போய்ச் சேரும்.

அச்சகங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கடைச் சுவரில் விலைப்பட்டியல் மாட்டுவதுபோல அரைப் பக்கத் தாள் ஒன்றை மாட்டலாம்: எங்கள் இயந்திரம் இன்னது, பிளேட் எடுப்பது இந்த வழியில், இந்தத் தாளுக்கு மைக்கூட்டு இவ்வளவு, எக்ஸ்-1ஏ வேண்டுமா எக்ஸ்-4 போதுமா, கர்வ் தேவையா, கிரிப்பருக்கு எவ்வளவு விட வேண்டும். அதையே போனில் ஒரு படமாக வைத்திருந்து கேட்பவர்களுக்கு அனுப்பலாம். அது வரும் வரை, வடிவமைப்பவர் போன் செய்து கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டு எடுத்த பிடிஎஃப்பைத் திறந்து 800 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, மணமக்கள் பெயரில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு வட்டமாக, ஓரம் சிதையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகு அனுப்ப வேண்டும்.